பட்டியல் யார் கையில் இருக்கிறது?



ஐப்பசி நெருங்கினால் எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடு வருகின்றன. "என்ன பொருள் சேகரிக்கட்டும்?" கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள், சென்னையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அரிசியா, பால்மாவா, நாப்கினா, குழந்தைத் துணியா? நல்ல மனதோடு கேட்கிற கேள்விதான். ஆனால் சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள சேரிகளில் தாய்மார்களோடும் குழந்தைகளோடும் வேலை செய்கிற எங்களுக்கு அதற்கு முன்னால் வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. பெயர்ப் பட்டியலை எழுதியது யார்? வண்டியை எங்கே நிறுத்திப் பொருளை இறக்குவது? யார் கையால் கொடுப்பது?

இந்த மூன்றும் நாங்கள் கண்டுபிடித்த கேள்விகள் அல்ல. தமிழ்நாட்டில் இவற்றுக்குக் குறைந்தது நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரியாமல் நிவாரண வண்டியில் ஏறினால், நாம் கொடுக்கும் பொருளே சாதிக்கு வேலை செய்துவிடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றங்கரை ஊர். அணைக்கட்டு இருக்கிறது, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது, பக்கத்தில் வீராணம் ஏரி இருக்கிறது. சென்னை – கும்பகோணம் சாலை ஊரின் நடுவே போகிறது. விருத்தாசலம், சிதம்பரம், நெய்வேலி என்று எந்தப் பக்கமும் பேருந்து உண்டு. மழை பெருத்தால் மேற்கிலிருந்து வெள்ளாறு வரும், வீராணத்தின் உபரி நீரும் இங்கேதான் வந்து சேரும். மேடு ஊருக்கு, பள்ளம் சேரிக்கு என்று பிரித்துக் கொடுத்தவன் இயற்கை அல்ல. ஆனால் தண்ணீர் அந்தப் பிரிவினையை ஒவ்வோர் ஆண்டும் மதித்து நடக்கிறது. நிவாரண வண்டியும் அப்படித்தான். அது தார்ச்சாலையில் வருகிறது, தார்ச்சாலையோடு நின்றுவிடுகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவளுக்கு வண்டி வந்ததே தெரியாது. மறுநாள் நாளிதழில் படம் மட்டும் வரும்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது தாது வருடப் பஞ்சம். அன்றைய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் நிவாரணக் கூலியை ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் என்று வெட்டினார். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், இந்த அளவு உணவில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் சென்னை அரசு அளவைக் கூட்டியது. அதற்குள் செத்தவர்கள் செத்தார்கள். அந்தக் கூலிக்கு மண் வெட்டியவர்களில் பெரும்பகுதி யார் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நிலம் இல்லாத, தானியக் குதிர் இல்லாத, கடன் கொடுக்க ஆளும் இல்லாத நம் பாட்டன் பாட்டிகள்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் மேயர் ஒரு நிதியைத் திறந்தார். மான்ஷன் ஹவுஸ் நிதி என்று பெயர். பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் சாதாரண மக்கள் கொடுத்த காசு ஆறு லட்சம் பவுனைத் தாண்டியது. அந்த நிதியை இங்கே பகிர்ந்த குழுவின் கௌரவச் செயலாளராக இருந்த வில்லியம் டிக்பி 1878-இல் இரண்டு தொகுதிகளில் பஞ்சத்தின் கதையை எழுதினார். சென்னை நகரத்தில் பகல் நேரக் குழந்தைகள் காப்பகங்கள் நடந்தன. துணி கொடுத்தார்கள், அனாதைக் குழந்தைகளுக்கு உதவினார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் நிதியின் பெரும்பங்கு எதற்குப் போனது? விதைக்கும், உழவு மாட்டுக்கும், கூரை வேய்வதற்கும். அதாவது பட்டாவில் பெயர் உள்ள ரயத்துக்கு. நிலமே இல்லாதவனுக்கு விதை எதற்கு என்று கேட்கத் தோன்றும். சரியான கேள்விதான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. பட்டியலின் தலைப்பை 'நிலம் இழந்தவர்' என்று போட்டுவிட்டால் நிலம் இல்லாதவர் இழப்பே இல்லாதவர் ஆகிவிடுவார். இந்தத் தலைப்பு விளையாட்டை 2004-இலும் 2015-இலும் மறுபடி பார்க்கப் போகிறோம்.

அடுத்து 1920. சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் முன்கை எடுத்து, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கு விரிந்தது. 1925-இல் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று மேலிருந்து தடை வந்து திட்டம் நின்றது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கியது. திராவிட இயக்க வரலாற்றில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அதே காலத்தில் தாழ்த்தப்பட்டோருக்கென்று நடந்த தொழிலாளர் துறைப் பள்ளிகளும், பின்னால் ஹரிஜன நலத்துறை என்று பெயர் மாறிய துறையின் பள்ளிகளில் 1956-க்கு முன்பே போடப்பட்ட மதிய உணவும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தமிழ்நாட்டின் சத்துணவு வரலாறு சேரிப் பள்ளிக்கூடத்து அடுப்பையும் சேர்த்துத்தான் தொடங்க வேண்டும்.

நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை இங்கே சொல்லாமல் போக முடியாது. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சேத்தியாத்தோப்பிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம். நன்கொடை திரட்டித்தான் பள்ளியையும் விடுதியையும் நடத்தினார். கொடுத்தவர்களில் பல சாதியினரும் உண்டு. அவருடைய ஆன்மிக வழியில் எங்களுக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொடை வெளியிலிருந்து வந்தது, சாவி நம்மவர் இடுப்பில் இருந்தது. எந்தப் பிள்ளைக்கு இடம், எந்தப் பிள்ளைக்குப் புத்தகம் என்பதை ஊர்ப் பெரியதனக்காரர் முடிவு செய்யவில்லை. இந்த மாவட்டத்தில் படித்து வேலைக்குப் போன முதல் தலைமுறைத் தலித் குடும்பங்கள் பலவற்றைக் கேட்டுப் பாருங்கள், நந்தனார் பள்ளியின் பெயர் வரும்.

பாபாசாகேப் இதே கேள்வியை வேறொரு முனையிலிருந்து பிடித்தார். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார். பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அதற்கான சுமையை முதலாளியும் அரசும் ஏற்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. தாய்க்குக் கொடுப்பது தர்மம் அல்ல, அவளுக்குச் சேர வேண்டிய கணக்கு என்ற பேச்சு நம் இயக்கத்தில் அங்கிருந்தே தொடங்குகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1927 மார்ச்சில், மகாடில் அவர் மக்களிடம் வேறொன்றும் சொன்னார். செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், எச்சில் சோற்றுக்குக் கை நீட்டுவதை விடுங்கள் என்றார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அங்கே மனுநூல் எரிக்கப்பட்டது. அந்த நூலின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். ஏவல் செய்யும் சூத்திரனுக்கு மிச்சச் சோறும் பழந்துணியும் கொடுக்கச் சொல்கிறது. சண்டாளனுக்குப் பிணத்தின் துணியை ஒதுக்குகிறது. பழைய துணி கொடுப்பது என்பது இந்த நாட்டில் வெறும் பழைய துணி கொடுப்பது அல்ல. கிழிந்த சேலையைக் கொல்லைப்புறத்தில் நின்று வாங்கிய கை நம் அம்மாக்களின் கை. இதை அறியாமல் நகரத்தில் வீட்டு அலமாரியைக் காலி செய்து மூட்டை கட்டி அனுப்புபவர்களிடம் எங்களுக்குக் கோபம் இல்லை. அறிந்த பிறகும் நம் தோழர்கள் அதைச் சுமந்துகொண்டு வரும்போதுதான் வருத்தம்.

காமராசர் காலத்துக்கு வருவோம். 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர்க்காரர்களின் கொடையை நம்பி நடந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பின்னால் ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நாலு காசை உள்ளூரும் ஏற்றன. கல்வித்துறைக்குத் தலைமை வகித்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய அந்த மாநாடுகளில் ஊர் மக்கள் பெஞ்சு, கரும்பலகை, சீருடை, கட்டடம் என்று கொடுத்தார்கள். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் சமூகவியல் மாணவர்களாகிய நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த நாலு காசை ஊர்ப் பண்ணையார் கொடுக்கும் இடத்தில், அதே பண்ணையாரின் வயலில் கூலி உயர்வு கேட்கும் அப்பனின் பிள்ளை எந்தத் தெம்பில் தட்டை நீட்டும்? புரவலர் இல்லாத ஊரில் அடுப்பை யார் மூட்டுவது? கொடை பெருகியதால் அல்ல, கொடையை நம்ப வேண்டிய தேவை குறைந்து செலவை அரசு ஏற்றதால்தான் இந்தத் திட்டம் உரிமையை நோக்கி நகர்ந்தது.

நடுவில் அமெரிக்கா வந்தது. பி.எல். 480 என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த உபரி உணவை 'கேர்' நிறுவனம் 1960-களில் நம் பள்ளிகளுக்குக் கொடுத்தது. பால் பவுடர், எண்ணெய், மக்காச்சோள மாவு. அறுபதைத் தாண்டியவர்களிடம் கேளுங்கள், மஞ்சள் உப்புமாவின் வாசனையை இன்றும் சொல்வார்கள். மூட்டையில் இரண்டு கைகள் குலுக்கும் சின்னமும், இது அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்ற வாசகமும் இருக்கும். அந்தச் சாக்குத் துணியில் கால்சட்டை தைத்துப் போட்டவர்கள் எங்கள் சேரிகளில் உண்டு. கொடுத்தவர் பெயரை முதுகில் சுமந்தபடி பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். 2015 வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களில் அன்றைய முதலமைச்சரின் படம் ஒட்டப்பட்டதாக எழுந்த சர்ச்சை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஸ்டிக்கர் நேற்று வந்த நோய் அல்ல.

பால் பவுடர் என்றதும் ஒரு முக்கியமான செய்தி. வெள்ளம் என்றால் குழந்தைப் பால்மா டப்பாவும் புட்டியும் வாங்கிக்கொண்டு ஓடி வருவது இன்றும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். 1992-ஆம் ஆண்டுக் குழந்தைப் பால்மாற்றுப் பொருள்கள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் ஒழுங்குமுறைச் சட்டம் இவற்றை அனாதை இல்லம் தவிர வேறு யாருக்கும் நன்கொடையாகக் கொடுப்பதைத் தடை செய்கிறது. காரணம் எளிது. கலங்கிய தண்ணீரில் கரைத்த மாவும் கழுவ முடியாத புட்டியும் குழந்தையை வயிற்றுப்போக்கில் தள்ளும். பத்து நாள் புட்டி கொடுத்தால் தாய்ப்பால் வற்றும். டப்பா தீர்ந்த பதினோராவது நாள் அந்தத் தாய் என்ன செய்வாள்? குழந்தைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் தாய்க்குச் சோறும் பருப்பும் முட்டையும், அவள் மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு தடுப்பும் கொடுங்கள். தாய்ப்பால் கொடுக்க வழியே இல்லாத குழந்தை என்றால் அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அவர்கள் சொல்வதன்படி செய்ய வேண்டும்.

1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1-இல் திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார், பால்வாடிப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒரு மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கைம்பெண்களும் ஆதரவற்ற பெண்களும் முன்னுரிமை பெற்றார்கள். தலித் பெண்களும் வந்தார்கள். அங்கேதான் மூன்றாவது கேள்வி வெடித்தது: யார் கையால்?

உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று, மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர உத்தரவிட்டது. தாளில் அது இருக்கிறது. 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை இடம் மாற்றிய உத்தரவு, எதிர்ப்பு கிளம்பிய பிறகே திரும்பப் பெறப்பட்டது. 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு மாநிலம் முழுவதும் விரிந்த சில நாள்களிலேயே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் அதே கதை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. பிள்ளைக்குப் பசித்தாலும் பரவாயில்லை, சாதி பசிக்கக் கூடாது என்று நினைக்கிற பெற்றோர் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் இல்லை என்று யாரும் மார்தட்ட வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, இடம். அங்கன்வாடி எங்கே இருக்கிறது? 2000-களின் தொடக்கத்தில் சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் ஐந்து மாநிலங்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களின் தரவுகளை வைத்து எழுதிய ஆய்வைப் படியுங்கள். மதிய உணவு எந்தத் தெருவில் வழங்கப்படுகிறது என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். ஆந்திராவில் கிட்டத்தட்டப் பாதி இடங்களில் அது தலித் குடியிருப்பில் நடந்தது. சமூகநீதி மண் என்று பெயர் எடுத்த தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கர்ப்பிணிப் பெண் சத்துமாவு வாங்க ஊர்த்தெரு வழியே நடக்க வேண்டும், பதற்றம் இருக்கும் நாளில் போகவே முடியாது. உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று, ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்க வேண்டும், தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்று சொன்னது. எத்தனை சேரிகள் கேட்டிருக்கின்றன? கேட்கச் சொல்லிக் கொடுப்பது நம் வேலை. ஒரு லாரி பிஸ்கட் கொடுப்பதைவிட ஒரு மனு எழுதிக் கொடுப்பது அதிகக் காலம் தாங்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமி. கடலூர், நாகை கரையோரம் நொறுங்கியது. உலகமே கொடுத்தது. அவ்வளவு கொடை நம் மண்ணுக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஆனால் இழப்பின் தலைப்பு 'படகு, வலை' என்று ஆனது. படகு இல்லாமல் உப்பங்கழியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பிச்சாவரம் பகுதி இருளர்களும், மீன் சுமக்கும், கருவாடு காயவைக்கும், கரையோர வயலில் கூலி வேலை செய்யும் தலித் பெண்களும் அந்தத் தலைப்புக்குள் வரவில்லை. முகாம்களில் தலித் மக்கள் தனியே வைக்கப்பட்டதும், தண்ணீர்த் தொட்டியை அவர்கள் தொடக் கூடாது என்று தடுத்ததும் அன்றைய செய்திகளில் வந்தன. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2005-இல் வெளியிட்ட அறிக்கையும் இந்தப் பாகுபாட்டைப் பேசியது.

அதே நாள்களில் கடற்கரைச் சாலைகளின் ஓரம் பழைய துணி மலைபோலக் கிடந்தது. யாரும் தொடவில்லை. அலையில் எல்லாம் இழந்த மீனவப் பெண்ணும் அதை எடுத்து உடுத்தவில்லை. மானம் என்பது அங்கே யாரும் கற்றுக்கொடுக்காமலே நின்றது. டெல்லியிலிருந்து வந்த 'கூஞ்ச்' அமைப்பு அந்தத் துணிக் குவியலை எடுத்துத் தரம் பிரித்தது. பயன்படாத பருத்தித் துணியைத் துவைத்து மாதவிடாய்த் துணியாக்கும் வேலையை அவர்கள் பிறகு நாடு முழுவதும் கொண்டுபோனார்கள். ஊர் வேலை செய்தவர்களுக்கு ஊதியம்போலத் துணி கொடுக்கும் முறையும் அவர்களுடையது. கை நீட்டுவதைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. நாள் முழுக்க நடவு நட்டு வந்தவளிடம் இன்னொரு உழைப்பைக் கேட்க எங்களுக்கு மனம் வராது.

சுனாமியின் படிப்பினையில் பிறந்தது 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் 61-ஆம் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என்ற அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் இந்த எண்ணைச் சொன்னால் பேச்சின் தொனி மாறுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரத்துக்குச் சொந்தக்காரருக்கு இழப்பீடு உண்டு. கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிழைத்த பெண்ணுக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருந்தது? 1877-இன் விதைநெல் கணக்குதான்.

2015 நவம்பர் 9-இல் வானம் பிளந்தது. நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை. பண்ருட்டி வட்டம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடையோரத் தலித் குடியிருப்பில் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஓடைக்கரையில் யாரும் ஆசைப்பட்டு வீடு கட்டுவதில்லை. அடுத்த மாதம் தேசியத் தலித் கண்காணிப்புக் குழுவும் திண்டிவனத்தைச் சேர்ந்த தோழமை அமைப்பும் கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஆய்வு செய்து, இழப்பின் பெரும்பகுதி தலித் மக்களுடையது, நிவாரணத்தில் அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்று பதிவு செய்தன. சேரிக்குப் போன வண்டிகளை வழியிலேயே மறித்து இறக்கிக்கொண்ட செய்திகளும் வந்தன. அரசு நிவாரணம் குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று வந்தது. ஒரு காலனி வீட்டுக்குள் மூன்று அடுப்பு எரியும், அட்டை ஒன்றுதான் இருக்கும். புதிதாகக் கல்யாணமாகி வந்த, நிறைமாதமாக இருக்கிற மருமகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலுக்கு வெளியே பிள்ளை பெறுகிற பெண்கள் நம் சேரிகளில்தான் அதிகம்.

ஒரு வெளிநாட்டு எடுத்துக்காட்டு. பின்லாந்தில் 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். குழந்தைத் துணி, போர்வை, மெத்தை எல்லாம் அதில் இருக்கும். 1949-இல் அதை எல்லாத் தாய்க்கும் என்று மாற்றினார்கள். ஒரே நிபந்தனை, கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். பணக்காரிக்கும் ஏழைக்கும் ஒரே பெட்டி கிடைத்த நாளிலிருந்து அது பிச்சை இல்லை. நம் மாநிலத்தில் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 1987-இல் 300 ரூபாயில் தொடங்கி 2018-இல் 18,000 ரூபாயை எட்டியது. அரசு எதையும் செய்யவில்லை என்று பேசுவது சோம்பேறித்தனம். ஆனால் 'பரிசு' என்ற அந்தச் சொல்லை மட்டும் எங்களால் விழுங்க முடியவில்லை. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உணவையும் பணத்தையும் உரிமை என்றே சொல்கிறது. கண்காணிப்புக் குழுவில் தலித், பழங்குடி, பெண் பிரதிநிதிகள் வேண்டும் என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் ஊர்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நாங்கள் கொடை வாங்குகிறோம், பகிர்கிறோம். வெள்ளம் வந்த இரவில் 61-ஆம் பிரிவு வயிற்றை நிரப்பாது. ஆனால் சில வழக்கங்களை வைத்திருக்கிறோம். பட்டியலைச் சேரிப் பெண்களே எழுதுகிறார்கள், அட்டையை வைத்து அல்ல, அடுப்பை எண்ணி. கர்ப்பிணி, பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆகாதவள், கைக்குழந்தையோடு தனியே இருப்பவள் முதலில் வருவார்கள். எழுதிய பட்டியலை எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கிறோம், விட்டுப்போன பெயர் அங்கேயே வந்துவிடும். தார்ச்சாலையில் வண்டியை நிறுத்துவதில்லை. தண்ணீர் நின்றால் டிராக்டர், அதுவும் போகாவிட்டால் தலைச்சுமை. ஒருமுறை ஊர் முனையில் வண்டியை மறித்து, "எங்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அங்கே கொண்டுபோங்கள்" என்றார்கள். ஊரிலும் கூரை இழந்த ஏழைகள் உண்டு, அவர்களுக்கும் கொடுத்தோம், ஆனால் சேரிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் வழியில். அந்த வரிசை எங்களுக்கு முக்கியம். ஊர்த்தெரு அம்மா ஒருவர், "உங்க ஆளுங்க கையால கட்டுன பொட்டலமா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். கொஞ்ச நேரம் நின்றார், வாங்கிக்கொண்டார். இதைப் பெரிய வெற்றியாக எழுத விரும்பவில்லை, பசி செய்த வேலை அது.

வாங்குபவர் முகம் தெரியும் படம் எடுப்பதில்லை. கொடையாளர் கேட்டால் மூட்டைகளின் படமும் கணக்கும் அனுப்புகிறோம். போதாது என்பவர்களின் பொருளை வாங்குவதில்லை. பழந்துணி வாங்குவதில்லை. மாதவிடாய்க்குப் புதுப் பருத்தித் துணியா நாப்கினா என்று முன்பே கேட்டுவிடுகிறோம், ஏனென்றால் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் நாப்கினை எங்கே போடுவது என்ற சிக்கல் அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த முறை பெண்கள் சொன்ன பட்டியல் இது. மூடி போட்ட வாளி, தார்ப்பாய், கொசுவலை, டார்ச் விளக்கு, துவரம்பருப்பு, வெல்லம், புதுப் பருத்தித் துணி. டார்ச் ஏன் என்று கேட்டோம். இரவில் வெளிக்குப் போக, பாம்புக்கு, அப்புறம் வலி எடுத்தால் 108 வண்டிக்கு வழி காட்ட என்றார்கள். கொடுக்க விரும்புகிறவர்கள் ஐப்பசி முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். நேரில் வர விரும்புகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாக வாருங்கள், பட்டியல் படிக்கும்போது உடன் இருக்கலாம்.